ஆட்டுக்குப் போய் மரத்துக்கு நின்றேன்

கோட்டுக்கு, அதுதான் நீதிமன்றத்துக்கு, வரச் சொல்லிக் கடுதாசி வந்த அன்றைக்கு நான் முதலில் செய்த வேலை, பச்சைச் சேலையை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்ததுதான். அதன்மேல் நாலு நாள் படுத்து எழுந்தால் இஸ்திரி போட்டது மாதிரி ஆகிவிடும். என் வயதுக்கு நான் ஆஸ்பத்திரி பார்த்திருக்கிறேன், தபால் கந்தோர் பார்த்திருக்கிறேன், கண்டியில் பேத்தி வேலை பார்க்கிற துணிக்கடையில் தானாக மேலே ஏறும் படிக்கட்டைக்கூடப் பார்த்திருக்கிறேன். கோடு மட்டும் பார்த்ததில்லை. எங்கள் லயமே, அந்த வரிசை வீடுகளில் இருக்கிற எல்லாருமே, பயந்துகொண்டிருந்தபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதைப் பேத்திதான் எழுதுகிறாள். நடுவில் நடுவில், "அம்மாயி, இந்த எடத்த விட்டுருவோமா?" என்று கேட்கிறாள். ஒரு இடத்தையும் விடவில்லை.

நான் இருப்பது புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். முடி கறுப்பாக இருந்த காலத்தில் கொழுந்து எடுக்கப் போனவள், முழுக்க நரைத்த பிறகுதான் கூடையை இறக்கினேன். இப்போது எனக்கு மிச்சம் இருப்பது லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். போஞ்சி போடுவேன், பூசணி போடுவேன், கொஞ்சம் கீரை. ஓரத்தில் ஆட்டுப்பட்டி. பத்திரம் எதுவும் கிடையாது. தோட்டத்து நிலம், தோட்டம் பார்த்து விட்டு வைத்திருக்கிறது. ஒழுங்காக இருக்கும்வரை இருக்கலாம். கோட்டில் குற்றவாளி என்று முடிவாகிவிட்டால் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். கீழ் லயத்தில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. காலையில் எழுந்து கையில் மண் படாவிட்டால் எனக்குத் தேத்தண்ணி இறங்காது. அந்த நிலம் போனால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எல்லாம் ஆட்டால் வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த ஆட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொட்டை ஆடு, ஒரு காது மடங்கி இருக்கும். எந்த முடிச்சையும் பல்லால் அவிழ்க்கும். ஒரு நாள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய், தோட்டத்தில் தேயிலைக் கன்று வளர்க்கிற பந்தலுக்குள் புகுந்து ஒரு வரிசைக் கன்றை மொட்டையடித்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது வாயில் கடைசி இலை. காதைப் பிடித்து இழுத்து வந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு நான் கண்டிக்குப் போய்விட்டேன். சொந்தத்தில் ஒரு பெண்பிள்ளைக்குச் சடங்கு, ஒரு கிழமை, ஏழு நாள், தங்கினேன். அந்தக் கிழமை நல்ல மழை. திரும்பி வந்தால் என் பாத்தி ஓரத்தில் நின்ற கிழட்டுப் பலா மரம் விழுந்து கிடக்கிறது. அடிமரத்தை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கிளையும் இலையும்தான் மிச்சம். ஆட்டுக்குப் பலா இலை என்றால் கல்யாணச் சாப்பாடு. அதைக் கொண்டுபோய் அங்கேயே கட்டிவிட்டேன். மூன்று நாள் தலை நிமிரவில்லை.

மூன்றாம் நாள்தான் தோட்டத்துக் கண்டாக்கையா ஒரு பொலிஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கண்டாக்கையா என்றால் மலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு மேலே இருக்கிற உத்தியோகத்தர். பொலிஸ்காரர் சின்ன வயசு, நல்ல பிள்ளை, ஆனால் ஒரு சொல் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களத்தில் கடைக்குப் போய்வரப் போதுமான சொற்கள்தான் தெரியும். கண்டாக்கையா யாரோ கூப்பிட்டார்கள் என்று ரோட்டுப் பக்கம் போய்விட்டார். பொலிஸ்காரர் லயத்துக்குப் பின்னால் கையைக் காட்டி என்னவோ கேட்டார். நான் எட்டிப் பார்த்தேன். அவர் காட்டிய இடத்தில் ஆடு நின்று மென்றுகொண்டிருந்தது.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

"தெரியாம நடந்துபோச்சுங்கய்யா. இனிமே நடக்காது. மன்னிச்சிருங்க," என்றேன். அவர் தலையை ஆட்டினார். இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் "ஓவ், ஓவ்" என்றேன். சிங்களத்தில் ஆமாம் என்று சொல்வது அப்படித்தான். எழுதி முடித்து மைப்பெட்டியை நீட்டினார். கட்டைவிரலை நானே போய் அமுக்கினேன். நல்லா விழவில்லை என்று இன்னொரு தரமும் அமுக்கினேன்.

இதைக் கேட்டு டவுனில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். என்ன ஏது என்று கேட்காமல் மன்னிப்புக் கேட்பாளா ஒருத்தி என்பார்கள். எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். தோட்டத்தை நடத்துகிற துரை கூப்பிட்டால் முதலில் மன்னிப்பு, அப்புறம்தான் விசயம். பனியில் வரிசையில் நிற்கும்போது பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலே வாயில் மன்னிப்பு வந்து நிற்கும். எங்கள் அம்மாவும் அப்படி, அவளைப் பெற்றவளும் அப்படி. ஒரு தடவை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் வாசலில் நின்றபடியே, "இனிமே செய்யவே மாட்டேங்க தொரை," என்று கும்பிட்டேன். துரை கிளாக்கரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். எல்லாரையும்விடக் கொழுந்து கூட எடுத்ததற்கு எனக்கு ஒரு குடை பரிசு கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். "கூட எடுத்ததுக்குப் பரிசு குடுத்தா, இனிமே எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்றாளே!" என்று கிளாக்கர் தமிழில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நல்ல குடை. நெடுநாள் வைத்திருந்தேன்.

சரி, கடுதாசிக்கு வருகிறேன். அது வந்தது சிங்களத்தில். எங்கள் லயத்தில் இளசுகள் சிங்களம் கிளிமாதிரிப் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. காலையில் ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்க வருகிறவரை நிறுத்தி நீட்டினோம். அவர் ஒரு கையில் பாணும் ஒரு கையில் கடுதாசியுமாக வாசித்தார். கம்பளையில் கோடு, இன்ன நாள், காலை ஒன்பது மணி. என்ன குற்றம் என்று கேட்டால், சட்டத்தின் நம்பர்தான் போட்டிருக்கிறது, அது எனக்கெப்படித் தெரியும் என்று கையை விரித்தார். பக்கத்து லயத்துக்குப் பாண் ஆறிவிடும் என்று போய்விட்டார்.

"வேறென்ன, ஆடுதான்," என்றார் எங்கள் தலைவர். தொழிற்சங்கத்தில் தோட்டத் தலைவராக இருந்து ஓய்ந்தவர், என் கொழுந்தனார் முறை. "மதினி, நான் சொல்றதக் கேளுங்க. கூண்டுல ஏறுனதும் குத்தத்த ஒத்துக்கங்க. தண்டத்தக் கட்டிட்டுப் பகல் பஸ்ஸுல வந்துறலாம். இல்லைன்னு சொன்னீங்க, மாசா மாசம் கம்பளைக்கு அலையணும்."

"ஒத்துக்கிட்டா நெலத்த எடுத்துருவாங்களே?"

"தொரைகிட்ட நாங்க போய் நிக்கிறோம். மொதல்ல ஒத்துக்கங்க."

"ஆடு தின்னது நெசந்தானே, ஒத்துக்கிட்டாத்தான் என்ன?" என்று நானும் நினைத்தேன். கன்றுப் பந்தலுக்கு நட்டமாகிவிட்டது, தண்டம் கேட்பது நியாயம்தான். நிலம் போகும் என்பதற்குத்தான் மனசு ஒப்பவில்லை.

முதல் நாள் பின்னேரமே பேத்தி கண்டியிலிருந்து வந்துவிட்டாள். விடிந்ததும் பஸ் ஏறினோம். கம்பளை வரைக்கும் வளைவு வளைவாக இறங்கும் ரோடு, நான் ஜன்னல் ஓரம். பேத்தி முகம் சுண்டிப்போய் இருந்தது. நான் அவளுக்குப் பச்சைச் சேலையின் மடிப்பைக் காட்டினேன்.

"நீ என்ன அம்மாயி, கல்யாணத்துக்குப் போற மாதிரி வர்ற!"

"நீ வேல பாக்குற கடையில எடுத்த சேலடி. நாலு பேரு பாக்க வேணாமா?"

கோடு நான் நினைத்த மாதிரி பயமாக இல்லை. பெரிய ஜன்னல், மேலே காற்றாடி, முன்னால் கறுப்புக் கோட்டுப் போட்ட சட்டத்தரணிகள் வரிசையாகக் கதிரையில். எங்கள் தோட்டத்து மைனாக் கூட்டம் மாதிரி ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுத்துக்கொண்டு இருந்தார்கள். மேலே உட்கார்ந்திருந்த நீதவான் ஒரு பெண்பிள்ளை. என் மகள் வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்டிருந்தார். எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. அவருக்குக் கீழே ஒருவர் நின்றுகொண்டு சிங்களத்தைத் தமிழிலும் தமிழைச் சிங்களத்திலும் மாற்றிச் சொன்னார். அவரை அங்கே முதலியார் என்கிறார்கள். பேச்சிலேயே யாழ்ப்பாணத்துக்காரர் என்று தெரிந்தது.

என் பேரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். ஏறி நின்று கம்பியைப் பிடித்ததும், யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே என் வாய் அதன் வேலையைப் பார்த்துவிட்டது.

"தெரியாம நடந்துபோச்சுங்கம்மா. இனிமே நடக்காது. என்னை மன்னிச்சிருங்க."

முதலியார் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ. இன்னும் ஒண்டும் கேக்கேல்லை."

"கேக்க வேணாங்கய்யா. நானே ஒத்துக்கிறேன். ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

நான் என்ன சொல்கிறேன் என்று நீதவான் அம்மா கேட்டார். முதலியார் சொன்னார். பொலிஸ் பக்கத்தில் ஒருவர் எழுந்து, இவர் முன்பே வாக்குமூலத்தில் ஒத்துக்கொண்டுவிட்டார், விரலடையாளம் இருக்கிறது, இப்போதும் ஒத்துக்கொள்கிறார் என்றார். இதெல்லாம் பேத்தி பிறகு சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்தது, அவர் தூக்கிக் காட்டிய தாளில் என் கட்டைவிரல் இரண்டு தடவை நீலமாக இருந்ததுதான். தலைவர் சொன்னபடி எல்லாம் நல்லபடி போகிறது, பகல் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

நீதவான் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். முதலியாரிடம் ஏதோ கேட்டார். முதலியார் இல்லை என்று தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, கனம் நீதவான் கேக்கிறா. உங்களில என்ன குற்றம் சாட்டியிருக்கெண்டு ஆரும் உங்களுக்கு வாசிச்சுக் காட்டினவையோ?"

"இல்லைங்க."

"அப்ப என்னத்தை ஒத்துக்கொள்ளுறியள்?"

நான் சிரித்துவிட்டேன். சபையில் சிரிக்கக் கூடாது என்று பேத்தி சொல்லியிருந்தாள், வந்துவிட்டது. "எதுவா இருந்தாலுங்க," என்றேன்.

அதை முதலியார் சிங்களத்தில் சொன்னதும் சட்டத்தரணிகள் வரிசை முழுக்கச் சிரித்தது. நீதவான் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குற்றத்தைத் தமிழில் வாசியுங்கள், நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள், அவருக்கு விளங்கிய பிறகுதான் நான் கேள்வி கேட்பேன் என்றார்.

முதலியார் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வாசித்தார். இன்ன தோட்டத்தில், இன்ன நாளில், உரிய அனுமதி இல்லாமல், பலா மரம் ஒன்றை வெட்டி வீழ்த்தினார் என்று.

நான் அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அவர் தாளை மடித்துவிட்டார்.

"ஆடு எங்கங்கய்யா?" என்றேன்.

"எந்த ஆடு?"

"கன்னு தின்ன ஆடுங்க. எங்க ஆடுங்க. பந்தலுக்குள்ள பூந்துச்சே!"

முதலியார் நீதவான் பக்கம் திரும்பினார். பின்னால் பேத்தி, "அம்மாயி, பேசாம இரு!" என்று அடித்தொண்டையில் கத்துவது கேட்டது. ஆனால் அந்த மனுசருக்குக் கடமை இருக்கிறதே. ஆட்டையும் பந்தலையும் ஒன்று விடாமல் சிங்களத்தில் சொல்லிவிட்டார். இந்த முறை நீதவான் அம்மாவும் சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஆட்டைப் பற்றி ஒருத்தரும் முறைப்பாடு செய்யேல்லையாம்," என்றார் முதலியார். "மரத்தைப் பற்றித்தான் கேள்வி. மரத்தை வெட்டினியளோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெட்டாத மரத்துக்கு நான் இரண்டு தடவை விரல் அமுக்கியிருக்கிறேன். இப்போது மூன்றாவது தடவையும் வாயாலேயே ஒத்துக்கொள்ளப் பார்த்தேன். முதலியார் வாசிக்காமல் இருந்திருந்தால், நான் ஆட்டை நினைத்துக்கொண்டு ஆமாம் என்றிருப்பேன், அவர்கள் மரத்தை எழுதியிருப்பார்கள், என் பாத்தி போயிருக்கும். எனக்குக் கோபம் வந்தது. பரவாயில்லை, நல்ல கோபம்.

"நான் எதுக்குங்க வெட்டணும்? மழையில அதுவா சாஞ்சுச்சு. அப்ப நான் ஊர்லயே இல்ல, கண்டியில சடங்கு வீட்டுல இருந்தேன். வேரு இன்னும் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குதுங்கம்மா. வெட்டுன மரத்துக்கு வேரு எப்படிங்க மேல வரும்? ஆள் அனுப்பிப் பாருங்க!"

முன்வரிசையிலிருந்து முக்காடு போட்ட ஒரு சட்டத்தரணிப் பிள்ளை எழுந்தது. நீதவான் அனுமதித்தால் இந்த அம்மாவுக்காக நான் பேசுகிறேன், கட்டணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூண்டுக்குப் பக்கத்தில் வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டது.

"உம்மா, பொலிஸ்ல எழுதினத்த ஒங்களுக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டினா?"

"இல்லம்மா. மைப்பெட்டியத்தான் காட்டுனாரு."

"அதுக்குப் பொறகு எப்பிடி ஒங்கட பேச்செண்டு சொல்லுற? பயப்பட வாணாம். என்ன குத்தமெண்டு சொல்லாம, நீங்க என்ன சொல்லுறீங்கெண்டு கேக்காம ஆரையும் தண்டிக்க ஏலா. நாட்டுட அரசியலமைப்புலயே ஈக்கிது."

"எனக்குமா இருக்கு?"

"ஒங்களுக்குந்தான்."

இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன். இந்த நாட்டின் பெரிய சட்டத்தில் எனக்கு என்று ஒரு வரி இருக்கிறதாம். வாக்குப் போடும் நாளில் தவிர யாரும் என்னைச் சேர்த்து எண்ணியதில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்!

அந்தப் பிள்ளை நீதவான் பக்கம் திரும்பிப் பேசியது. நீதவான் அம்மா, அன்றைக்கு லயத்துக்கு வந்த பொலிஸ்காரரைக் கூப்பிட்டு, வாக்குமூலம் எந்த மொழியில் எழுதினீர்கள், அவருக்கு விளங்கும்படி யார் சொன்னது என்று கேட்டார். அந்தச் சின்னப் பையன் காது சிவந்து நின்றான். எனக்கே பாவமாக இருந்தது. அவனும் என்ன செய்வான், அவன் கேட்டதற்கெல்லாம் நான் ஓவ் என்றால் எழுதத்தானே செய்வான். அந்தத் தாளை இந்த வழக்கில் எடுக்க முடியாது என்று நீதவான் அம்மா ஒதுக்கி வைத்தார். கிராம சேவகர் போய் மரத்தைப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று சொல்லி அடுத்த தவணைக்கு நாள் கொடுத்தார்.

வெளியே வந்து முஸ்லிம் கடை ஒன்றில் பிளேன் டீயும் வடையும் எடுத்தோம். பேத்தி வடையைத் தின்னாமல் பிய்த்துப் பிய்த்து வைத்தாள். "நீ பாட்டுக்கு ஆட்டக் காட்டிக் குடுத்துட்டியே அம்மாயி!"

"ஆடு செஞ்சத ஆடு செஞ்சதுன்னுதானே சொல்லணும். மரத்த நான் செய்யல, அதையும் சொன்னேன்ல?"

ஊருக்கு வந்ததும் தலைவர்தான் முதலில் வாசலில் நின்றார். "அலையப்போறீங்க மதினி. அப்பவே சொன்னேன்."

"எதுக்கு ஒத்துக்கச் சொன்னீங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஆட்டுக்குத்தானே?"

"மரத்துக்கு!"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படியே திண்டாடிப் போய்த் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பிறகு அவரே திரும்பி வந்து, கிராம சேவகர் வரும் நாளில் தானும் கூட நிற்பதாகச் சொன்னார். சொன்னபடி நின்றார். கிராம சேவகர் வேரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். வேர் ஆள் உயரத்துக்கு மண்ணோடு எழும்பி நின்றது. யானை காதை விரித்த மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னார். கண்டாக்கையாவும் வந்து பார்த்தார். அறுத்த இடத்தை மட்டும் தூர நின்று பார்த்துவிட்டு முறைப்பாடு எழுதினேன், வேர் இருக்கிற இந்தப் பக்கம் வரவில்லை என்று என்னிடமே சொன்னார். மன்னிப்புக் கேட்கிற வாடை அடித்தது. நான் அவருக்கு ஒரு பூசணிக்காய் பிடுங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது தவணைக்கும் அதே பச்சைச் சேலைதான். இந்த முறை கூண்டில் ஏறியதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன் என்று பேத்தி சொல்கிறாள். முதலியார் என்னைப் பார்த்து, "இண்டைக்கு நல்ல பிள்ளை," என்று மெதுவாகச் சொன்னார். அறிக்கையை வாசித்தார்கள். படத்தைக் கைமாற்றிப் பார்த்தார்கள். மரம் வேரோடு சாய்ந்தது, இவர் வெட்டியதற்குச் சாட்சி இல்லை, விடுதலை.

"அம்மா, உங்களை விட்டாச்சு. இறங்கலாம்."

நான் இறங்கவில்லை. என் நிலம் என்னாகும் என்று கேட்டேன். விடுதலை ஆனவரிடமிருந்து எதையும் எடுக்க இந்த வழக்கில் காரணம் இல்லை, அதையும் தோட்டத்துக்குத் தெரியும்படி எழுதித் தருகிறேன் என்று நீதவான் அம்மா சொன்னார். அப்போதுதான் கம்பியை விட்டேன்.

வெளியே ஒரு மேசையில் அந்தத் தாளைத் தந்தார்கள். சிங்களத்தில் நீளமாக இருந்தது, கீழே முத்திரை. கிளாக்கர் மைப்பெட்டியைத் தள்ளி, வாங்கிக்கொண்டதற்கு விரல் வைக்கச் சொன்னார். பேத்தி என் கையைப் பிடித்து மைப்பெட்டிக்குக் கொண்டுபோனாள்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அந்தப் பக்கம் போன முதலியாரை மறித்தேன்.

"ஐயா, இதுல என்னா இருக்குன்னு தமிழ்ல வாசிங்க. அப்புறம் வெரல் வைக்கிறேன்."

"விடுதலை எண்டுதான் இருக்கம்மா. நான் சொன்னனே."

"இருக்கட்டுங்க. மொத எழுத்துல இருந்து வாசிங்க."

பேத்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அம்மாயி, புசல்லாவ பஸ் கெளம்புது! இத விட்டா அடுத்தது ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான்!"

"போகட்டும்," என்றேன்.

முதலியார் பொட்டலத்தை மேசையில் வைத்தார். எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார், தானும் ஒன்றில் உட்கார்ந்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு, என் பேரிலிருந்து தொடங்கி, முத்திரையில் இருந்த எழுத்து வரைக்கும் ஒரு சொல்லையும் விடாமல் வாசித்தார். பாதியில் எனக்கு ஒரு இடம் விளங்கவில்லை. திரும்ப வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்.